யோகனின் தட்டில் கிழிந்த மீன்

சூடேறிய கடலில் வளர்ந்த சால்மன் மீனைக் கத்தி படுவதற்கு முன்பே கை கண்டுபிடித்துவிடும். தூக்கும்போது நடுவில் தொய்யும். முதுகுப் பக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நல்ல மீனில் அந்தக் குழி உடனே நிரம்பிவிடும். எங்கள் மேசையில் நின்று கொஞ்சக் காலம் வெட்டிய எவருக்கும் இது தெரியும். தெரிந்து ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து நின்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமென்று கேட்டார்கள். முன்னேறிய கதையாக இருந்தால் பிள்ளைகளுக்கு உதவும் என்றும் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். என்னிடம் முன்னேறிய கதை இல்லை. மீன் வெட்டிய கதைதான் இருக்கிறது.

ஊரில் நான் வீடு கட்டும் மேசன் வேலை செய்தேன். படகில் வந்தோம். முகாமில் வைத்திருந்து பிறகு மெல்பேர்னுக்கு விட்டார்கள். டண்டினோங்கில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று மீன் பதனிடும் கொட்டகைக்கு என்னை அனுப்பியது. முதலில் பெட்டி கழுவினேன், பிறகு தலை வெட்டினேன், பிறகு பில்லட் எடுக்கும் மேசைக்கு வந்தேன். பில்லட் என்றால் நடுமுள்ளை விட்டுப் பிரித்தெடுத்த முழுப் பக்கச் சதை. வேலை பழகிய காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலை இப்படி நடக்கும். தஸ்மானியாக் கடலில் பண்ணைக் கூண்டுகளில் வளர்ந்த மீனைக் குடல் எடுத்து, ஐஸ் போட்டுக் கப்பலில் அனுப்புவார்கள். கொட்டகையில் அதை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். மீனை வாலில் பிடித்துத் தூக்கக்கூடாது. தூக்கினால் அதன் பாரத்திலேயே முதுகுச் சதை விட்டுப்போகும். இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்த வேண்டும். செவிளுக்குப் பின்னால் கத்தியைச் சரித்துத் தலையை எடுப்போம். பிறகு முதுகுத் துடுப்புக்கு மேலாகக் கத்தியை விட்டு, நடுமுள்ளின்மீது சாய்த்து வால்வரை ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். கத்தி முள்ளின்மேல் போகும்போது டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் வரும். சத்தம் நின்றால் கத்தி சதைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இடது கையில் இரும்பு வளையத்தால் பின்னிய கையுறை இருக்கும். அறை எப்போதும் குளிராகவே இருக்கும். சில வருடங்களில் என் வலக்கை விரல்கள் விறைக்கத் தொடங்கின. கத்திப் பிடி கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த வேண்டிய நிலைக்கு வந்தேன்.

சால்மன் சதை ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். நல்ல மீனில் ஏடுகள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும். பழுதான மீனில் ஏடு விட்டு, பில்லட்டின் நடுவில் வாய் பிளந்ததுபோலக் கிழியும். அப்படிக் கிழிந்ததைக் கடைக்காரர் வாங்கமாட்டார், மசிக்கத்தான் போகும்.

நான் வந்த காலத்தில் கிழிந்த பில்லட் அபூர்வம். அப்போது கொட்டகையில் இன்னொரு மேசையும் இருந்தது. கிழக்கு விக்டோரியாக் கரையில் இழுவைப் படகுகள் பிடிக்கும் குளிர்நீர் மீன்கள் அங்கே வரும். மோர்வோங் என்று ஒரு மீன், தடித்த உதட்டோடு இருக்கும். அது வரவரச் சிறுத்தது; பிறகு குறைந்தது; பிறகு வரவேயில்லை. நிறையப் பிடித்ததும் ஒரு காரணம் என்றார்கள், கடல் சூடேறிக் குஞ்சுகள் தங்காமல் போனதும் ஒரு காரணம் என்றார்கள். ஒரு நாள் அந்த மேசையைக் கழற்றி வெளியே வைத்தார்கள். அங்கே நின்ற வியட்நாம்காரப் பெண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். எங்களுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. எங்கள் மீன் கூண்டில் வளர்வது, அதற்கு ஒன்றும் வராது என்று நினைத்தோம். கூண்டு மீனுக்கும் அதே கடல்தான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அதுமட்டுமல்ல, கடலில் திரியும் மீனென்றால் சூடு பிடிக்காவிட்டால் ஆழத்துக்குப் போகும், தெற்கே போகும். கூண்டு மீன் எங்கே போகும்?

யோகன் இதை முதலில் சொன்னான். அவன் யாழ்ப்பாணக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். என்னைவிட வயது குறைந்தவன், என்னோடு ஒரே வீட்டில் அடுத்த அறையில் இருந்தவன். எங்கள் கொட்டகையில் அவனைப்போல் கத்தி பிடிக்க ஒருவரும் இல்லை. ஒரு கோடைக்காலம், பெட்டியைத் திறந்தவுடன் ஒரு மீனை எடுத்துச் செவிளை விரித்துப் பார்த்தான். செவிள் சிவப்பாக இல்லை. வெளிறி, சளி பிடித்தமாதிரி வெள்ளை படிந்திருந்தது.

"அண்ணை, இது மூச்செடுக்க ஏலாமல் கிடந்த மீன். சூட்டுத் தண்ணியில காத்துக் குறைவு. தீனும் தின்னேல்லை, வயித்தைப் பாருங்கோ, ஒட்டிப்போய்க் கிடக்கு."

"உனக்கு என்னெண்டு தெரியும்? உங்கட கடல் வருசம் முழுக்கச் சூடுதானே."

"எங்கட மீன் சூட்டுக்குப் பிறந்தது. இது குளிருக்குப் பிறந்ததை இழுத்து வந்து சூட்டில கட்டி வச்சிருக்கு. ஆரைக் கட்டி வச்சாலும் இப்பிடித்தான் போகும்."

அவன் சிரித்தான். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னான்; அவனுடைய விசா நிலை அப்படி. எனக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. அவனுடைய வழக்கு மறுக்கப்பட்டு, தற்காலிக அனுமதியில் இருந்தான். குடிவரவு அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம் போடலாம், விடாமல் ஒரே இடத்தில் நல்ல பெயரோடு வேலை செய்கிறார் என்று காட்ட முடிந்தால் உதவும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவன் மகளை ஊரில் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவன். மகள் இப்போது கைபேசியில் அவனோடு ஆங்கிலம் பேசிப் பார்க்கிறாள். அவனுக்கு அந்த வேலை வெறும் வேலை இல்லை.

எங்கள் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் கார்த்திக். தமிழ்நாட்டுக்காரர், படித்தவர், இளம் வயது. நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் டார்னெய்ட்டிலிருந்து இந்தக் கோடிக்குத் தினமும் கார் ஓட்டி வருவார். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. வலை போட்ட தலையில் ஒரு மயிர் வெளியே தெரியாது. ஊசிமுனை வெப்பமானியை மேல்சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மீனின் தடித்த இடத்தில் குத்தி, எண் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். எண்ணைப் பார்த்ததும் "குட்" என்று மெல்லச் சொல்வார். மறுபடி துடைத்துப் பையில் வைப்பார். பில்லட்டைப் பெருவிரலால் தடவி, கிழிசல் இருந்தால் அதை ஒரு பக்கமாகத் திருப்பி வைப்பார். யாரையும் குறை சொல்லமாட்டார். திருப்பி வைப்பார், அவ்வளவுதான்.

யோகன் அவருக்கு டொக்டர் என்று பெயர் வைத்திருந்தான். "டொக்டர் வாறார். செத்த மீனுக்குக் காய்ச்சல் பாக்கப் போறார்" என்பான். கார்த்திக்குக்கும் அது தெரியும். "ஏன்யா, உயிரோட இருக்கறவனுக்கு நான் பாக்கறதில்லையே, உனக்குச் சந்தோஷம்தானே?" என்று ஒருமுறை திருப்பிக் கொடுத்தார். அன்று எல்லோரும் சிரித்தோம். கெட்டவர் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தக் கோடையில் வெயில் விடவில்லை. கடலும் ஆறவில்லை. மீன் வரவரத் தொய்யத் தொடங்கியது. வெப்பமானி ஒவ்வொரு பெட்டிக்கும் நல்ல எண்தான் காட்டியது. ஐஸில் கிடந்த மீன் வேறு என்ன காட்டும்? அது வளர்ந்த தண்ணீரின் சூடு அந்த ஊசியில் ஏறாது.

எங்கள் மேசையில் ஒவ்வொருவருடைய தட்டிலும் அவரவர் இலக்கம் உண்டு. வெட்டிய பில்லட்டை அவரவர் தட்டில் அடுக்க வேண்டும். யோகன் எனக்குப் பக்கத்தில் நிற்பவன். தொய்ந்த மீன் என் முன்னால் வந்தால், நான் கத்தி வைக்குமுன் அவன் கை நீளும்.

"விடுங்கோ அண்ணை, உங்கட கைக்கு இது சரிவராது. இந்தாங்கோ, இதை வெட்டுங்கோ" என்று தன் முன்னால் இருந்த இறுக்கமான மீனை என் பக்கம் தள்ளுவான். எதிர்ப்பக்கம் நின்ற, புதிதாக வந்த இளம் பெடியளிடமிருந்தும் அப்படித்தான் எடுத்தான். தொய்ந்த மெதுமீனை நன்றாக வெட்டத் தெரிந்தவன் வெட்டினால்தான் பாதியாவது தப்பும் என்பது அவன் கணக்கு. அவர்களுடைய படகில் அதுதான் வழக்கமாம். கஷ்டமானது கைதேர்ந்தவனுக்கு. அதைக் கேட்டு வாங்குவதுதான் அவனுக்கு மரியாதை.

ஆனால் கொட்டகையில் படகு வழக்கம் யாருக்குத் தெரியும்? கிழிந்த பில்லட்டெல்லாம் யோகனுடைய தட்டில் சேர்ந்தது. எங்கள் தட்டுகள் அழகாக இருந்தன. கார்த்திக் வந்து, அவனுடைய தட்டில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். மறுநாளும் வைத்தார். மூன்றாம் நாள் யோகனை மேலே அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அவன் தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னானாம். மீன் வரும்போதே பழுது, நல்லதை மற்றவர்களுக்குக் கொடுத்தேன் என்று. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்கிறான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேறு யாராவது சொல்லட்டும் என்றார்கள். அவன் என் பெயரைச் சொன்னான். மறுநாள் என்னையும் மேலே கூப்பிட்டார்கள்.

எனக்கு ஆங்கிலம் வராது, கூட்டம் என்றாலே வியர்க்கும். அந்த அறையில் பெரிய மனேஜர் ஒரு பெண்; அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்கக் கார்த்திக் இருந்தார். ஈரமான ஏப்ரனோடு கதிரையில் உட்காரக் கூச்சமாக இருந்தது, நின்றேன். இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னேன்.

"தம்பி, இதை அப்பிடியே சொல்லுங்கோ. மீன் கத்தி படமுன்னமே சதை விட்டுப்போய்த்தான் வருகுது. செவிளைப் பாக்கச் சொல்லுங்கோ, கடல் சூட்டில அவிஞ்சு போய்க் கிடக்கு. எனக்கு வந்த பழுது மீனையெல்லாம் யோகன்தான் எடுத்து வெட்டினவன். அவன்ர தட்டில கிடக்கிற கிழிசல் எங்கள் எல்லாருக்கும் வந்த மீன். என்ர தட்டு வடிவா இருக்கிறதுக்குக் காரணம் அவன்தான்."

என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியதில்லை. கார்த்திக் தலையசைத்துக் கேட்டார். பிறகு மனேஜரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார். யோகன் நல்ல மனிதன், வயதானவர்களுக்கு உதவுகிறவன் என்று இவர் சொல்கிறார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும்.

மனேஜர் புன்னகைத்து, நன்றி என்றார். நான் போகாமல் நின்றேன். "பிஷ் சொவ்ற்" என்றேன். "பிவோர். நைவ் நோ. பிஷ்." கத்தி படுமுன்பே மீன் மெது என்று சொல்லப் பார்த்தேன். கடல் என்பதற்கும் சூடு என்பதற்கும் ஆங்கிலம் எனக்குத் தெரியும்; அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை. மனேஜர் கார்த்திக்கைப் பார்த்தார். அவர் மேல்சட்டைப் பையைத் தொட்டபடி, மீன் வந்த வெப்பநிலையெல்லாம் சரி என்றார்.

அவரை அன்று பின்னேரம் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"ஏன் தம்பி, நான் சொன்னதைச் சொல்லேல்லை?"

அவர் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொன்னத அப்படியே சொன்னா என்ன ஆகும் தெரியுமா? லோடு மொத்தத்தையும் நான் ரிஜெக்ட் பண்ணணும். பண்ணை யாரோடது? இவங்களோடதுதான். கம்பெனி மீனக் கம்பெனியே வேணாம்னு சொல்றதா? அதுல கையெழுத்து யாரு போடறது? நான் போடணும். எனக்கு விசா ஸ்பான்சர் பண்ணியிருக்கறதும் இவங்கதான்."

"உங்களுக்குத் தெரியுந்தானே, மீன்தான் பழுதெண்டு?"

"ஆமா. தெரியும்."

"அப்ப யோகன்?"

"அவருக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும் அண்ணே. அவ்வளவு நல்லாக் கத்தி புடிக்கற ஆளு."

"கத்தி பிடிக்கத் தெரியாதெண்டுதானே அனுப்பப் போறீங்கள்?"

கார்க் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கண்ணாடியை இறக்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். எப்படி நினைத்தால் சரி என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் மாதிரி ஏஜென்சி ஆட்களை யாரும் வேலையிலிருந்து நீக்குவதில்லை. தினமும் பின்னேரம் அடுத்த நாள் வேலை உண்டென்று கைபேசிக்குச் செய்தி வரும். யோகனுக்கு அது வராமல் நின்றது. அவ்வளவுதான். ஏஜென்சிக்குத் தொலைபேசி எடுத்தால், இப்போது உங்களுக்கு இடம் இல்லை என்றார்கள். வக்கீல் கேட்டபோது அவனிடம் காட்ட நல்ல பெயர் இல்லை. விண்ணப்பத்தைப் பிறகு போடலாம், முதலில் ஒரு வேலையைத் தேடுங்கள் என்று அவர் ஒத்திவைத்தார். யோகன் பாத்திரம் கழுவப் போனான், தோட்டத்தில் புல் வெட்டப் போனான். எதுவும் நிலைக்கவில்லை. மகளோடு பேசும்போது மட்டும் கொட்டகை ஏப்ரனைக் கொழுவியிருந்த சுவருக்கு முன்னால் நின்று பேசுவான்.

அந்தக் கோடை முடியுமுன் ஒரு பின்னேரம் இருவரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். தஸ்மானியாவில் கூண்டு மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன என்று காட்டினார்கள். கரையில் செத்த மீனின் கொழுப்புக் கட்டிகள் ஒதுங்கிக் கிடந்தன. எங்கள் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர், காற்றில் தலைமயிர் பறக்க நின்று பேசினார்.

"என்ன சொல்லுறான்?" என்று கேட்டேன்.

யோகன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். "இந்த முறை கடல் வழமையை விடச் சூடாம். சால்மன் குளிர்நீர் மீனாம். சூட்டில அதுக்கு மூச்செடுக்க ஏலாதாம், நோய் பிடிக்குமாம், சதை பழுதாகுமாம். கோடை தொடங்கினதில இருந்தே தங்களுக்கு இது தெரியுமாம். இயற்கையாம். இதுக்கு ஒருத்தரையும் குறை சொல்ல ஏலாதாம்."

"அப்பிடியோ சொல்லுறான்?"

"ஓம் அண்ணை. ஒருத்தரையும் ஏலாதாம்." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றான்.

வெளியே சொல்லும்போது கடல். உள்ளே சொல்லும்போது யோகன். இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே கோடையில் சொன்னது. படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ எனக்குத் தெரியாது.

அந்தக் கிழமையே அவனுக்குச் செய்தி வந்தது. மிச்ச மீன் சாகுமுன் எல்லாவற்றையும் பிடித்து அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கொட்டகை நிறைய மெதுமீன். அதை வெட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மன்னிப்பு ஒன்றும் இல்லை. நாளைக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். வேண்டாமென்று சொல்ல அவனிடம் என்ன இருந்தது? நல்ல பெயரை மறுபடி அங்கேதான் சம்பாதிக்க வேண்டும்.

மேசையில் பழைய இடத்திலேயே என் பக்கத்தில் நின்றான். கார்த்திக் வந்து, "வாங்க யோகன்" என்றார். யோகன் "குட் மோர்னிங்" என்றான். டொக்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதல் பெட்டியிலேயே தொய்ந்த மீன்தான் அதிகம். என் முன்னால் ஒன்று வந்தது. தூக்கும்போதே நடுவில் மடிந்தது. நான் அறியாமலே ஒரு கணம் காத்திருந்தேன். யோகனுடைய கை கொஞ்சம் அசைந்தது. பிறகு அவன் சாணைக் கம்பியை எடுத்து, ஏற்கெனவே கூராக இருந்த கத்தியைத் தீட்டத் தொடங்கினான். என் பக்கம் பார்க்கவில்லை. நான் வெட்டினேன். டிக் டிக் சத்தம் பாதியில் நின்றது. பில்லட் வாய் பிளந்தது. என் தட்டில் வைத்தேன். அடுத்ததும் அப்படித்தான். தனக்கு வந்ததை மட்டும் யோகன் வெட்டினான், அழகாக. புதுப் பெடியளும் தங்கள் கிழிசலைத் தங்கள் தட்டிலேயே வைத்தார்கள். கார்த்திக் வந்து பில்லட்டுகளைத் திருப்பி வைத்தபோது, அதிகம் திரும்பியது என் தட்டில்.

வீடு திரும்பும் வழியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் கையை நீட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நீட்டாதபோது வேறு ஏதோ வந்தது.

அந்த மாதம் முடியுமுன் ஒரு பின்னேரம் என் கைபேசிக்குச் செய்தி வரவில்லை. குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தோம். யோகனுடைய கைபேசி மேசையில் ஒருமுறை கிணுகிணுத்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

"வந்திட்டுதோ?" என்றேன்.

"இல்லை அண்ணை. எனக்கும் இன்னும் வரேல்லை" என்றான்.

விடியற்காலையில் வேலைக்குப் போடும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான். நான் நித்திரைபோலக் கிடந்தேன்.